நம்ம வீட்டு ஐபி நம்பர் யாரோடது?

திருவொற்றியூர்ல அப்பாவுக்கு ஒரு சின்ன லேத் பட்டறை. ராத்திரியில இரும்புத் துண்டு காணாம போகுதுன்னு ரெண்டு மாசம் முன்னாடி நாலு கேமரா மாட்டினோம். நான் வேலை பார்க்கிறது ஓ.எம்.ஆர்.ல. ஆபீஸ்ல இருந்தே பட்டறையைப் பார்க்கணும்னு ஆசை. கேமரா கம்பெனியோட ஆப் இருக்கு, ஆனா நம்ம பட்டறைப் படம் ஏதோ ஒரு நாட்டு சர்வர் வரைக்கும் போய்ட்டு திரும்பி வர்றது எனக்குப் பிடிக்கல. நேரா நம்ம ரவுட்டருக்கே போய்ப் பார்த்துக்கலாம்னு ஒரு ஞாயித்துக்கிழமை உட்கார்ந்தேன். மூணு மணி நேரம் போச்சு. ஒன்னும் நடக்கல.

அப்புறம்தான் ரவுட்டர் பக்கத்துல அந்த வரியைக் கவனிச்சேன். ரவுட்டர் தனக்குக் கிடைச்ச முகவரி 100.72-ல ஆரம்பிக்குதுன்னு சொல்லுது. வெளியே இருக்கிற வெப்சைட்டைக் கேட்டா, இல்ல, உன் முகவரி 103-ல ஆரம்பிக்குதுங்குது. ரெண்டும் பொய் இல்ல. கஸ்டமர் கேருக்குப் போன் போட்டா, "ஸ்டாடிக் ஐபி வேணும்னா தனி சார்ஜ் சார்" என்றார்கள். அப்பா பக்கத்துல நின்னு கேட்டுட்டு இருந்தார். "ஊருக்கெல்லாம் கம்ப்யூட்டர் வேலை பாக்குற, நம்ம பட்டறை வாசல் உனக்குத் தெரியலயாடா?"

இந்த 100.72 எங்கேர்ந்து வந்ததுன்னு தேடப் போய் முப்பது வருஷக் கதை ஒன்னு மாட்டிச்சு. கொஞ்சம் நீளம். டீயை எடுத்துக்கிட்டு வந்துடுங்க மக்களே.

முதல்ல ஒரு விஷயம். ஐபி முகவரின்னா வீட்டுக் கதவெண் மாதிரின்னு எல்லாப் புத்தகத்துலயும் எழுதி வெச்சிருக்காங்க. (பழைய நம்பர், புது நம்பர்னு ஒரே வாசல்ல ரெண்டு நம்பர் தொங்குற சென்னையில இருந்துக்கிட்டு கதவெண்ணை உதாரணமா சொல்றதே தப்பு, அது வேற விஷயம்.) வீட்டு இணைப்பைப் பொறுத்தவரை கதவெண்ணைவிட துறைமுகம்தான் சரியான உதாரணம். கப்பல் வந்து வெளிக்கடல்ல நங்கூரம் போட்டு நிக்கும். பெர்த் காலியானா பைலட் போய்க் கூட்டிட்டு வருவார். சரக்கை இறக்கிட்டுக் கப்பல் கிளம்பினதும் அதே பெர்த்துல வேற கப்பல். பெர்த் நம்பரை வெச்சு "இது யாரோட கப்பல்?"னு கேட்டா, "எந்தத் தேதி, எத்தனை மணிக்கு?"ன்னு திருப்பிக் கேட்பாங்க. கப்பலுக்கு மாறாத நம்பர் தனியா இருக்கு. காசிமேட்டுப் படகு மேலயும் ஐ.என்.டி. டி.என்.னு ஆரம்பிச்சு பெயின்ட்ல எழுதியிருப்பாங்களே, அது மாதிரி. நம்ம நெட்வொர்க் கார்டோட மேக் முகவரி அந்தப் படகு நம்பர். ஐபிங்கிறது இப்போதைக்குக் கட்டியிருக்கிற இடம், அவ்வளவுதான்.

இந்தியாவுல பொதுமக்களுக்கு இன்டர்நெட் வந்தது 1995 ஆகஸ்ட் 15. வி.எஸ்.என்.எல். ஆரம்பிச்சது. மும்பை, டெல்லி, கல்கத்தாவோட சென்னையும் முதல் பட்டியல்ல இருந்தது. அந்தக் காலத்து விலைப்பட்டியலை இன்னிக்குப் பார்த்தா ஒரு விஷயம் கண்ணுல படும். 250 மணி நேரத்துக்கு ஷெல் கணக்குன்னா 5,000 ரூபாய். டிசிபி/ஐபி கணக்குன்னா 15,000 ரூபாய். மாணவர்களுக்கு ஷெல் கணக்கு 500 ரூபாய்க்குக் கிடைச்சது. இந்த ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்? படம் தெரியும், படம் தெரியாதுன்னுதான் அப்போ ஜனங்க புரிஞ்சு வெச்சிருந்தாங்க. ஆனா உண்மையான வித்தியாசம் முகவரி. ஷெல் கணக்குல உங்க கம்ப்யூட்டருக்கு ஐபி முகவரியே கிடையாது. அது வெறும் கீபோர்டும் திரையும்தான். இன்டர்நெட்ல இருக்கிறது வி.எஸ்.என்.எல். ஆபீஸ்ல இருக்கிற யூனிக்ஸ் மெஷின், நீங்க அதுக்குள்ள போய் லின்க்ஸ்ல எழுத்து மட்டும் படிச்சிட்டு, பைன்ல மெயில் அனுப்பிட்டு வரலாம். 15,000 கட்டினவருக்கு மட்டும் போன் லைன் இணைஞ்சிருக்கிற வரைக்கும் சொந்தமா ஒரு முகவரி. வீட்டுக்கு ஒரு முகவரி வேணும்னா பத்தாயிரம் ரூபாய் கூடன்னு இந்தியா ஆரம்பத்துலேயே விலை வெச்சிடுச்சு.

இதுக்கு உலகம் முழுக்க இருந்த ஷெல் கணக்கு ஆசாமிங்க ஒரு குறுக்கு வழி கண்டுபிடிச்சாங்க. ஸ்லர்ப்னு ஒரு புரோகிராம். அதை அந்த யூனிக்ஸ் மெஷின்ல ஓட்டினா, முகவரி இல்லாத உங்க கம்ப்யூட்டருக்கு ஒரு பொய் முகவரி கொடுத்து, வெளியே போறதை எல்லாம் அந்த மெஷினே கேட்ட மாதிரி அனுப்பிடும். வர்ச்சுவல்பாக்ஸ் போட்டுப் பார்த்தவங்களுக்கு 10.0.2.15 ஞாபகம் இருக்கா? அது ஸ்லர்ப் விட்டுட்டுப் போன முகவரி. முப்பது வருஷம் கழிச்சும் நாம தினம் அதைப் பார்க்கிறோம், எங்கேர்ந்து வந்ததுன்னு யாருக்கும் தெரியாது. எனக்கே இப்பதான் தெரியும்.

1998 நவம்பர்ல தனியாருக்கு அனுமதி கிடைச்சுது. முதல் தனியார் சேவை நம்ம சென்னைக் கம்பெனி சத்யம் இன்ஃபோவே, அதான் சிஃபி. விலை இறங்கி, டயல்-அப் வீடுகளுக்குள்ள வந்தது. இங்கதான் 'தற்காலிக முகவரி'ங்கிற பழக்கம் உறுதியாச்சு. கணக்கு ரொம்ப எளிது. சேவை நிறுவனத்துக்கிட்ட ஆயிரம் சந்தாதாரர் இருந்தா, போனை எடுக்க நூறு மோடம் வெச்சா போதும். எல்லாரும் ஒரே நேரத்துல கூப்பிட மாட்டாங்க. நூறு மோடத்துக்கு நூறு முகவரி. நீங்க டயல் பண்ணதும் காலியா இருக்கிற மோடம் போனை எடுக்கும், யூசர்நேம் பாஸ்வேர்ட் சரிபார்க்கும், காலியா இருக்கிற முகவரி ஒன்னை உங்க கையில கொடுக்கும். அம்மா பக்கத்து ரூம்ல போன் ரிசீவரை எடுத்தா லைன் கட். முகவரி போச்சு. அடுத்த நிமிஷம் அது அண்ணாநகர்ல யாருக்கோ.

அப்போ வடசென்னையில முக்கால்வாசிப் பேருக்கு வீட்டு இணைப்பெல்லாம் கிடையாது, பிரவுசிங் சென்டர்தான். பத்து கம்ப்யூட்டர், ஒரு இணைப்பு, ஒரு முகவரி. வெளியே இருக்கிற சர்வருக்கு அந்தப் பத்துப் பேரும் ஒரே ஆள். இதைச் செய்யுற நேட்ங்கிற வித்தையை 1994 மே மாசம் ஆர்.எஃப்.சி. 1631-ல எழுதி வெச்சப்போ, இது குறுகிய காலத் தீர்வுன்னு அவங்களே சொல்லியிருக்காங்க. குறுகிய காலம் முப்பது வருஷம் தாண்டிடுச்சு.

2004 அக்டோபர்ல மத்திய அரசு பிராட்பேண்ட் கொள்கை கொண்டு வந்துது. 256 கேபிபிஎஸ் இருந்தா அது பிராட்பேண்ட். (சிரிக்காதீங்க.) 2005 ஜனவரி 14, பொங்கல் அன்னிக்கு பி.எஸ்.என்.எல். டேட்டாஒன் ஆரம்பிச்சுது. ராயபுரத்துல பெரியப்பா வீட்டுல கொஞ்ச வருஷம் கழிச்சு அது வந்தப்போ நான் ஆறாவது படிச்சேன். 500 ரூபாய் பிளான்ல ராத்திரி 2 மணியில இருந்து காலை 8 வரைக்கும் எவ்வளவு வேணா இறக்கிக்கலாம். அண்ணன் 1.55-க்கு அலாரம் வெச்சு எழுந்திருப்பான். ரேபிட்ஷேர்ல ஒரு ஃபைல் இறக்கினா அடுத்ததுக்குக் காத்திருக்கணும், அவங்க ஆளை அடையாளம் வெச்சிக்கிறது ஐபியை வெச்சு. அண்ணன் மோடமை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவான். புது முகவரி வரும். ரேபிட்ஷேருக்கு அவன் புது ஆள். ஒரு ராத்திரியில எட்டுப் பத்துப் பிறவி எடுப்பான்.

இதுல யோசிக்க வேண்டியது ஒன்னு இருக்கு. டயல்-அப்ல நூறு பேருக்குப் பத்து முகவரி போதும்ங்கிறது நியாயம். பிராட்பேண்ட் மோடம் நாள் முழுக்க எரியுது, அப்போ ஆளுக்கொரு முகவரி எப்படியும் தேவைதானே, அதையே நிரந்தரமா கொடுத்துட்டா என்ன? ரெண்டு காரணம். முகவரிகளை ஏரியா ஏரியாவா, ஒவ்வொரு எக்ஸ்சேஞ்ச் கருவிக்கும் மொத்தமா ஒரு கட்டு பிரிச்சு வெச்சிருப்பாங்க. நாளைக்கு தண்டையார்பேட்டையில நாலு தெருவை வேற கருவிக்கு மாத்தினா முகவரியும் மாறியே ஆகணும். மாறும்னு முன்னாடியே சொல்லி வெச்சிட்டா புகார் வராது. இன்னொரு காரணம், நிரந்தர முகவரியைத் தனியா விக்கலாம். எனக்குத் தெரிஞ்சு ரெண்டாவதுதான் பெரிய காரணம் :-)

அதே சமயத்துல ஏரியா கேபிள்காரங்களும் இறங்கினாங்க. டிவி கேபிளோட இன்னொரு ஒயர். மொட்டை மாடியில பிளாஸ்டிக் டப்பாவுக்குள்ள ஒரு ஸ்விட்ச், அங்கிருந்து தெரு முழுக்க நீலக் கலர் கேபிள். இங்க வீட்டுக்கு வந்தது நிஜ முகவரியே இல்ல, 10-லயோ 192.168-லயோ ஆரம்பிக்கிற உள் முகவரி. மொத்தத் தெருவும் ஒரே ஆபீஸ் மாதிரி. விண்டோஸ்ல நெட்வொர்க் நெய்பர்ஹுட் திறந்தா எதிர்வீட்டுக்காரர் ஷேர் பண்ணி வெச்ச பாட்டு ஃபோல்டர் தெரியும். (சில நேரம் பாட்டு இல்லாததும் தெரியும்.) ஆளை அடையாளம் வெச்சுக்கிறது மேக் முகவரியை வெச்சு. கார்டு மாத்தினா கேபிள்காருக்குப் போன் போட்டு "அண்ணே, கம்ப்யூட்டர் மாத்திட்டோம்"னு சொல்லணும். அந்தக் காலத்துல கடிதத்துக்கு 'மேற்பார்வை, மளிகைக் கடை'ன்னு முகவரி எழுதுவாங்களே, அப்படி மொத்தத் தெருவுக்கும் ஒரு கேர்-ஆஃப் முகவரி.

இதுவரைக்கும் சுவாரசியக் கதை. இனிமே சொல்லப் போறது அப்படி இல்ல.

2007 ஆகஸ்ட் 31. பெங்களூர்ல ஒரு இளைஞர், நம்மளை மாதிரியே மென்பொருள் வேலை. புனே போலீஸ் வீட்டுக்கு வந்து கைது பண்ணிக் கூட்டிட்டுப் போறாங்க. ஆர்குட்ல சத்ரபதி சிவாஜியை அவமதிச்சு யாரோ போட்ட பதிவு, அதுக்கான ஐபி முகவரி இவரோடதுன்னு இவரோட இன்டர்நெட் கம்பெனி எழுதிக் கொடுத்திருக்கு. எரவாடா சிறை. 50 நாள். கடைசியில பார்த்தா கம்பெனி கொடுத்த விவரமே தப்பு. அந்த முகவரி இவரோடது இல்ல.

ஒரு முகவரியில இருந்து ஒரு ஆளுக்குப் போற பாதை எவ்வளவு மெலிசுன்னு பாருங்க. வெளிநாட்டு சர்வர் பதிவு பண்றது கிரீன்விச் நேரத்துல இருக்கலாம், கலிபோர்னியா நேரத்துல இருக்கலாம். நம்ம நேரம் அஞ்சரை மணி முன்னாடி. கடிதத்துல 7.15-னு மட்டும் இருந்து, காலையா சாயந்திரமான்னு விட்டுப் போனா? எந்த நேரம்னு எழுதாம விட்டா? அந்த 7.15-க்கு அதே பெர்த்துல வேற கப்பல் நின்னிருக்கும். எங்க அண்ணன் ஒரே ராத்திரியில மாத்தின பத்து முகவரியும் அடுத்த ஒரு மணி நேரத்துல பத்து வேற வீட்டுக்குப் போயிருக்கும். அதுல ஒன்னு மேல புகார் வந்திருந்தா ரெஜிஸ்டரைப் பார்த்து எழுதுற கிளார்க் ஒரு வரி மாத்திப் பார்த்தாலே போதும், யாரோ ஒருத்தர் கம்பி எண்ணணும். இதைப் படிச்ச அன்னிக்கு எனக்கு ராத்திரி தூக்கம் வரல, பொய் சொல்லல.

சரி, 100.72-க்கு வருவோம்.

ஐபி வி4-ல மொத்தம் 429 கோடி முகவரிதான். 1981-ல அது ஆராய்ச்சிக் கூடங்களுக்கு தாராளமா இருந்துச்சு. 2011 பிப்ரவரி 3-ம் தேதி உலக இருப்பு தீர்ந்தது, மிச்சம் இருந்த அஞ்சு பெரிய கட்டை கண்டத்துக்கு ஒன்னா பிரிச்சுக் கொடுத்துட்டாங்க. ஆசியா-பசிபிக்குக்குக் கொடுக்கிறது ஆப்நிக், ஆஸ்திரேலியாவுல பிரிஸ்பேன்ல இருக்கு. அவங்களுக்கும் அதே வருஷம் ஏப்ரல் 15-ல தாராளக் காலம் முடிஞ்சுது. அதுக்கப்புறம் ரேஷன். எவ்வளவு பெரிய கம்பெனியா இருந்தாலும் அந்தக் கடைசிக் கட்டுல இருந்து 1,024 முகவரிக்கு மேல கிடையாது. 2019-ல அதையும் 512 ஆக்கிட்டாங்க. அந்தக் கடைசிக் கட்டு எது தெரியுமா? 103-ல ஆரம்பிக்கிற முகவரிகள். எங்க வீட்டுக்கு வெளியே தெரியுற நம்பர் 103. அதாவது எங்க சேவைக்காரர் பந்தி முடிஞ்சு இலை எடுக்கிற நேரத்துல வந்தவர்.

இருக்கிற ஆயிரத்து சொச்சம் முகவரியை வெச்சு அவர் எத்தனை வீட்டுக்கு இணைப்பு கொடுக்க முடியும்? இங்கதான் காசிமேடு. துறைமுகத்துல இடம் பத்தலைன்னா என்ன பண்ணுவாங்க? ஒரு படகைக் கரையில கட்டி, அதுல இன்னொரு படகைக் கட்டி, அதுல இன்னொன்னைக் கட்டி நிறுத்துவாங்க. கரையைத் தொடுறது ஒன்னுதான். ஒவ்வொரு ஐபி முகவரிக்குள்ளயும் 65,536 போர்ட் இருக்கு. வீட்டுக்கு 1,024 போர்ட் பிரிச்சுக் கொடுத்தா ஒரு முகவரியில 64 வீடு. 1,024 முகவரிக்கு 65,000 வீடு. திருவொற்றியூர் மாதிரி ஒரு ஏரியாவுக்குத் தாராளம். இதுக்குப் பேரு சிஜிநேட். சேவைக்காரருக்கும் நம்ம ரவுட்டருக்கும் நடுவுல போட்டுக்கறதுக்குன்னே 2012 ஏப்ரல்ல தனியா ஒரு கட்டு ஒதுக்கினாங்க, 100.64-ல இருந்து 100.127 வரைக்கும். எங்க 100.72 அதுல ஒன்னு. கரையைத் தொடாத படகு.

அப்பாவோட கேமரா ஏன் தெரியலைங்கிறது இப்போ புரிஞ்சிருக்கும். வெளியே இருந்து 103-ஐத் தட்டினா, அந்தக் கதவுக்குப் பின்னாடி 64 வீடு. எந்த வீட்டுக்குன்னு அதுக்குத் தெரியாது, சும்மா இருந்துடும்.

கேமரா போகட்டும். 2007-ல ஒரு முகவரி, ஒரு நேரம் ரெண்டும் சரியா இருந்தா ஒரு வீடு. அப்படியும் தப்பு நடந்துச்சு. இன்னிக்கு முகவரியும் நேரமும் சரியா இருந்தாலும் 64 வீடு வரும். ஒரே வீடுன்னு சொல்ல, எந்த போர்ட்ங்கிறதும் தெரியணும். நிறைய வெப்சைட் போர்ட் நம்பரைக் குறிச்சு வைக்கிறதே இல்ல. இந்தப் பிரச்சினைக்காகவே 2017 அக்டோபர்ல ஐரோப்பியப் போலீஸ் அமைப்பான யூரோபோல், சிஜிநேட்டை ஒழிச்சுக் கட்டுங்கன்னு வெளிப்படையா கேட்டுது. நம்ம ஊர்ல 2021 டிசம்பர்ல தொலைத்தொடர்புத் துறை, யாருக்கு எந்த முகவரி கொடுத்தோம்ங்கிற பதிவுகளை ஒரு வருஷத்துக்குப் பதிலா ரெண்டு வருஷம் வெச்சிருக்கணும்னு உரிமத்தை மாத்துச்சு. 2022 ஏப்ரல் 28-ல செர்ட்-இன் உத்தரவு: எல்லாரும் அவங்க சர்வர் கடிகாரத்தை அரசாங்கக் கடிகாரத்தோட சேர்த்து வைக்கணும், லாக் 180 நாள் இருக்கணும். கடிகாரத்தைச் சரியா வைங்கன்னு ஒரு உத்தரவு போட வேண்டியிருக்குன்னா பார்த்துக்கோங்க. என்னைக் கேட்டா, லாக்கை எத்தனை வருஷம் சேர்த்து வைக்கிறதுங்கிறதைவிட, அதை வெச்சு ஒருத்தரைக் கைது பண்றதுக்கு முன்னாடி வேற என்ன ஆதாரம் இருக்குன்னு கேட்கிற உத்தரவுதான் முதல்ல வந்திருக்கணும்.

ஐபி வி6 இருக்கேன்னு நீங்க கேட்பீங்க. இருக்கு. அதுல முகவரிக்குப் பஞ்சமே இல்ல. ஒரு வீட்டுக்குக் கொடுக்கிற கட்டே மொத்த ஐபி வி4 உலகத்தைவிடப் பல கோடி மடங்கு பெருசு. 2016 செப்டம்பர்ல ஜியோ வந்தப்புறம் மொபைல் புண்ணியத்துல இந்தியாவுல பத்துல ஏழு பேருக்கு மேல ஐபி வி6 வந்துடுச்சு, உலகத்துலயே முன்வரிசை. வடசென்னையில முதல் முதலா சொந்த முகவரி கிடைச்சது பிராட்பேண்ட் வெச்ச வீட்டுக்கு இல்ல, பஸ்ல போன்ல படம் பார்த்துட்டுப் போறவருக்குத்தான்.

எங்க ஏரியா லைன்மேன் தம்பிகிட்ட கேட்டேன். "அதெல்லாம் வேணாம்ணா, ஆன் பண்ணா டிவி பாக்ஸ் மக்கர் பண்ணும். நிறைய பேரு கம்ப்ளைன்ட்டு" என்றான். அவன் போனதும் நானே ஆன் பண்ணேன். முகவரி கட்டு டக்குனு வந்து உக்காந்துச்சு. டிவி பாக்ஸும் மக்கர் பண்ணல. ஆனா கேமரா ரெக்கார்டர் இருக்கே, அதுக்கு ஐபி வி6 தெரியாது. வாங்கும்போது யாரு பார்த்தா?

கடைசியில பட்டறையில ஒரு பழைய லேப்டாப்பை வெச்சு, அது உள்ளே இருந்து வெளியே கிளம்பி வந்து என் மெஷினைச் சந்திக்கிற மாதிரி ஒரு டனல் போட்டேன். சிஜிநேட் உள்ளே வர்றவனைத்தான் தடுக்கும், வெளியே போறவனைத் தடுக்காது. இப்போ ஓ.எம்.ஆர்.ல இருந்து பட்டறை வாசல் தெரியுது. ராத்திரி முழுக்க தெரியுறது ஷட்டர்கிட்ட சுருண்டு படுத்திருக்கிற தெரு நாய் ஒன்னு மட்டும்தான். இரும்பு எடுத்தது யாருன்னு இன்னும் தெரியல.